அரை டீ

அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். விஜி.

நித்யா. சேலையூர் பக்கம் ஒரு காலனிப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

எடை பார்க்கிற மேடம். பெரிய உடம்பு, மெல்லிய குரல்.

மேடம் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு பெண். பேர் தெரியாது. பேனா எழுதவில்லை. உதறிக்கொண்டே இருந்தாள்.

கடைசியாக, மேடத்தின் ஃபிளாஸ்க். நீல நிறம். ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அதை ஆளோடு ஆளாகச் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். பெண்களுக்கான மாநில டெட் லிஃப்ட் போட்டி அன்றைக்கு அங்கே. மணமகள் அறையில் தராசு வைத்திருந்தார்கள்.

அந்த அறைக் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகள். யார் யாரோ கல்யாணப் பெண்கள் ஒட்டிவிட்டுப் போனவை. சிவப்பு, மெரூன், கல் வைத்தது. அதில் என் முகத்தைப் பார்த்தேன். பொட்டுகளுக்குப் பின்னால் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

முந்தின நாள் காலைக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. சுவரில் வெயில் அசைந்துகொண்டே இருந்தது, தொட்டித் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மேலே பார்ப்பது போல.

மேடம் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். ஏலக்காய் வாசனை வந்தது.

மேடம் அப்படியே நிற்கட்டும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சிலிண்டர்

நான் அனகாபுத்தூர். எங்கள் சந்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் நாலு வீடுதான். இந்தப் பத்திரிகையின் போன இதழில் பெரிய வெள்ளத்தைப் பற்றி எழுதினேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் எல்லோரும் மாடிக்கு ஓடினோம். சிலர் டிவியைத் தூக்கினார்கள். சிலர் பீரோவை இழுத்தார்கள். எனக்கு கேஸ் சிலிண்டர்தான் ஞாபகம் வந்தது. மாடியில் அடுப்பு எரிய வேண்டுமே.

எங்கள் வீட்டுச் சிலிண்டரைத் தோளில் வைத்து ஏறினேன். பிறகு பக்கத்து வீட்டுடையது. பிறகு எதிர்வீட்டுடையது. எல்லாம் ஃபுல் சிலிண்டர். படியில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள்.

எதிர்வீட்டுப் படியில் ஒருவர் நனைந்து நின்றிருந்தார். ஸ்டீபன். திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"இன்னொன்னு தூக்குவியா?"

தூக்கினேன்.

அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. வெள்ளம் வடிந்தது. சேறு காய்ந்து, சுவரில் கோடு மட்டும் நின்றது. அதற்கு அப்புறம்தான் அவர் இரும்புலியூரில் ஜிம் வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு நாள் போனேன். அன்றிலிருந்து அவர் எனக்கு மாஸ்டர்.

அவர் அதிகம் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. வந்தது வேறு.

ராடு

கண்ணாடி, பாட்டு, ஏசி எல்லாம் இருக்கிற ஜிம் இல்லை அது. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில், டயர் கடைக்கு மேல் மாடி. தகரக் கூரை. ரயில் போனால் மாட்டி வைத்த எடைத் தட்டுகள் மெல்லச் சிணுங்கும். மழை பெய்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. எனக்கு அது பிடிக்கும்.

டெட் லிஃப்ட் என்பது இதுதான். தரையில் இரும்பு ராடு கிடக்கும். இரண்டு பக்கமும் எடைத் தட்டு. குனிந்து பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நிற்க வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தின எனக்கு அது உடனே புரிந்தது.

பகலில் ஒரு போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை. என் வீட்டுக்காரர் சேகர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும். எங்களுக்கு ஒரு பெண். அம்மு. சாயந்திரம் நான் ஜிம்மில் இருக்கிற இரண்டு மணி நேரம் சேகர் அவளைப் பார்த்துக்கொள்வார். ஆட்டோவுக்கு நல்ல சவாரி கிடைக்கிற நேரமும் அந்த இரண்டு மணி நேரம்தான்.

ரொம்ப நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஸ்டேட்ல ஃபர்ஸ்ட் வா. வேற ஊருக்கு இட்டுகினு போறாங்கன்னா போ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வரலன்னா இத்தோட வுட்டுடு. நானும் எத்தினி நாளைக்கு பீக் அவர்ல வூட்டுல குந்திகினு இருக்கறது?"

நியாயம்தான். சரி என்றேன்.

மாநிலத்தில் முதலில் வருகிறவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள். நான் ரயிலில் செங்கல்பட்டைத் தாண்டிப் போனதில்லை. போனால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆசை அதில் இல்லை. எனக்கு வேண்டியது அந்த இரண்டு மணி நேரம். அதில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். ராடைப் பிடித்துக் குனிந்தால் உள்ளே எல்லாச் சத்தமும் நின்றுவிடும். கம்பெனியில் பிரஸ் மெஷின் நாள் முழுக்கக் காதில் இடிக்கும். அது நிற்கிற ஒரே இடம் அந்த மாடி.

அஞ்சு கிலோ

போட்டியில் உடம்பு எடைக்குத் தகுந்தபடி கிளாஸ் பிரிப்பார்கள். ஐம்பத்தேழு கிலோ வரைக்கும் ஒரு கிளாஸ். அதற்கு மேல் அறுபத்து மூன்று வரைக்கும் அடுத்தது. நான் அறுபத்திரண்டு இருந்தேன். மாஸ்டர் என் பேரை அறுபத்து மூன்றில் கொடுத்திருந்தார். அப்போது ராடில் நூற்றிருபது கிலோ தூக்கிக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும். மாஸ்டருக்குக் கம்பெனியில் சாயந்திர ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். ஜிம் சாவி கிரேஸியிடம் வந்தது. கிரேஸி என் சிநேகிதி. பல்லாவரத்தில் பியூட்டி பார்லரில் இருக்கிறாள். என்னோடு தூக்குகிறவள். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள்.

நான் தூக்குவதை அவள் வீடியோ எடுத்து மாஸ்டருக்கு அனுப்பினாள். அவர் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார். பின்னால் லேத் ஓடுகிற சத்தம்.

"விஜி, பாத்தேன். முதுகு வளையுது. அஞ்சு கிலோ எறக்கிடு. மேட்ச்சுக்கு அது போதும்."

அறுபத்திரண்டில் ஐந்து போனால் ஐம்பத்தேழு. கணக்கு சரியாக வந்தது. என்னைக் கீழ் கிளாஸில் விடப் பார்க்கிறார், ஏதோ யோசனை இருக்கும் என்று நினைத்தேன். திருப்பிக் கேட்கவில்லை. சரி மாஸ்டர் என்று அனுப்பினேன்.

மறுநாள் ஜிம்மில் நூற்றுப் பதினைந்திலேயே நிறுத்திவிட்டேன். மதியம் சாப்பிடவில்லை, அதற்கு மேல் வரவில்லை. கிரேஸி விடவில்லை.

"இன்னாடி, இத்தோட நிறுத்திட்ட?"

"மாஸ்டர்தான் அஞ்சு கிலோ எறக்கச் சொன்னாரு."

"அதுவும் கரெக்ட்டுதான். இடுப்பு போச்சுன்னா எவன் வந்து பாப்பான்?"

அவள் ராடைச் சொன்னாள். நான் உடம்பைச் சொன்னேன். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

தண்ணீர்

முதலில் சோற்றை விட்டேன். பிறகு இட்லியை எண்ண ஆரம்பித்தேன். பசி முதல் வாரம்தான். பிறகு பசி போய்விட்டது. அது போன இடத்தில் ஒரு லேசு வந்தது. நடந்தால் கால் தரையில் சரியாகப் படவில்லை. ஆற்றுக்கு மேலே விமானம் இறங்கும்போது அண்ணாந்து பார்ப்பேன். சக்கரத்தை நீட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் போவது போல இருக்கும். சத்தம் பிறகு தனியாக வந்து சேரும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஏசி ஜிம்மில் கிரேஸியின் சித்தி பெண் வரவேற்பில் இருந்தாள். அங்கே ஒரு மெஷின் வந்திருந்தது. வெறுங்காலோடு தகட்டில் ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தால், உடம்புக்குள் என்ன என்ன எவ்வளவு என்று சொல்லுமாம். ஒரு மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் போனோம்.

ஏறி நின்றேன். திரையில் ஒரு பொம்மை வந்தது. கைக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறம், வயிற்றுக்கு ஒரு நிறம். அது நான்தான் என்றாள் அந்தப் பெண். நம்ப முடியவில்லை. ரொம்ப அமைதியாக நின்றது.

பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்றாள். எல்லோருக்கும் அப்படித்தானாம். அதன் பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம்.

"உனக்குக் கொழுப்பு அதிகம் இல்லக்கா. இதுக்கு மேல எறக்குனா கறிதான் கரையும். கறி கரைஞ்சா பலம் போய்டும். மேட்ச் வேற கீதுன்ற, யார் சொல்லி எறக்குற?"

மாஸ்டர் சொன்னார் என்றேன். அப்படியென்றால் சரி என்றாள். கிரேஸி அப்போது டிரெட்மில்லில் ஏறி, வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். அவள் காதில் இது விழவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் நினைப்புதான். சாலையில் போகிறவர்களைப் பார்த்தால், பாதிக்கு மேல் தண்ணீர், துணி சுற்றி நடந்து போகிறது என்று தோன்றும். கம்பெனியில் டப்பாவில் போல்ட் கொட்டினால் மழைச் சத்தம் கேட்கும். கடைசி வாரம் தண்ணீரையும் குறைத்தேன். கடைசி நாள் நிறுத்தினேன். அந்த இரவு கனவில் வெள்ளம் வந்தது. நான் ஓடவில்லை. குனிந்து குடித்தேன்.

இதைப் படிக்கிற யாரும் இப்படிச் செய்ய வேண்டாம்.

போட்டி அன்று காலையில் சேகர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். காற்றில் பறந்துவிடுவாய் போலிருக்கிறதே என்றார். நான் சிரித்தேன். உதடு வெடித்தது.

மணமகள் அறை

மண்டபத்தில் நடைபாதையில் ஒரு தராசு வைத்திருந்தார்கள். உள்ளே போகும் முன் அவரவர் பார்த்துக்கொள்வதற்கு. போட்டி உடுப்போடு ஏறினேன். ஐம்பத்தாறு கிலோ எண்ணூறு கிராம். கிரேஸி அதை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாய் அடைத்துப்போய் அன்றுதான் பார்த்தேன்.

"நீ அறுபத்து மூணுடி" என்றாள். பிறகு படியில் இறங்கி ஓடினாள், மாஸ்டரைத் தேடி. அவர் கீழே தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குள் என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போனேன்.

நித்யா தராசில் நின்றிருந்தாள். ஐம்பத்தாறு எண்ணூற்று ஐம்பது என்று மேடம் சொன்னார். எழுதுகிற பெண் பேனாவை உதறினாள். மேடம் என் பக்கம் திரும்பினார். பேர் அறுபத்து மூன்றில் இருக்கிறது, ஆள் அப்படித் தெரியவில்லையே என்று கேட்டார். வெளியே பார்த்ததைச் சொன்னேன். அன்றைய விதி, தராசு எந்தக் கிளாஸ் சொல்கிறதோ அந்தக் கிளாஸ். அப்படியென்றால் ஐம்பத்தேழுதான் என்றார்.

பிறகு என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றினார்.

"இன்னும் இருநூறு கிராம் இடம் இருக்கு. இதைக் குடிச்சிட்டு ஏறும்மா. மயக்கம் போட்டு விழுந்தா யார் உன்னைத் தூக்கறது?"

"நான் தூக்கறேன் மேடம், வார்ம் அப் ஆச்சு" என்றாள் நித்யா. எல்லோரும் சிரித்தார்கள்.

குடித்தேன். அந்த டீயை எப்படிச் சொல்வது. தொண்டையில் ஒவ்வொரு படியாக இறங்கியது. நெஞ்சில் கொஞ்சம் நின்றது. பிறகு முழங்கைக்குப் போனது, விரல் நுனிக்குப் போனது. சுவரில் அசைந்த வெயில் ஒரு இடத்தில் நின்றது. கண்ணாடியில் என் முகம் பொட்டுகளுக்கு முன்னால் வந்தது.

தராசில் ஏறினேன். ஐம்பத்தாறு தொள்ளாயிரம்.

பேனா எழுதியது.

வெளியே வந்தபோது மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். கையெல்லாம் தட்டுகளின் துரு. என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இன்னா விஜி இது?"

"நீங்கதான சொன்னீங்க. அஞ்சு கிலோ எறக்கச் சொல்லி."

மணமகள் அறைக் கதவில் ஒட்டியிருந்த தெர்மாகோல் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"ராடுல சொன்னேன்மா."

மேடை

எடை முடிந்து தூக்குவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மாஸ்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். கிரேஸிதான் எல்லாம் செய்தாள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், வாழைப்பழம், இளநீர். சேகருக்குப் போன் போட்டாள். அவர் சவாரியை விட்டுவிட்டுத் தயிர்சாதத்தோடு வந்தார், அம்முவைத் தோளில் வைத்துக்கொண்டு. வந்தவர் போகவில்லை. நான் தூக்கி அவர் பார்த்ததில்லை. பந்திக் கூடத்து வாசலில் நின்றுகொண்டார்.

நித்யா ஒரு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீரில் கலந்து குடிக்கிற பொடி. கொஞ்சம் கொஞ்சமாக சிப் பண்ணுங்க அக்கா, ஒரேயடியா குடிச்சா வாமிட் வரும் என்றாள். நல்ல பெண். ஐம்பத்தேழில் ஜெயிக்க வந்தவள் அவள்தான். மற்றவர்கள் அவளுக்குக் கீழே.

கல்யாண மேடையில்தான் போட்டி. ராஜா ராணி நாற்காலிகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். பின்சுவரில் முந்தின கல்யாணத்துப் பேர்கள் பாதி பிய்ந்து தொங்கின. நடுவில் பலகை. பலகை மேல் ராடு.

ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. அதில் பெரியதுதான் கணக்கு. மாஸ்டர் எழுந்து போய் என் முதல் எடையை நூற்று ஐந்துக்கு மாற்றிவிட்டு வந்தார். அவர் நினைத்து வைத்திருந்தது நூற்றுப் பதினைந்து.

நூற்று ஐந்து வந்தது. கனம் தெரிந்தது. முன்னெல்லாம் அந்த எடைக்கு நான் மூச்சுகூட மாற்ற மாட்டேன்.

நூற்றுப் பத்து வந்தது. நின்றபோது மண்டபம் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது.

நித்யா இரண்டாவதில் நூற்றுப் பன்னிரண்டரை தூக்கிவிட்டாள். அதற்கு மேல் கேட்பதானால் நூற்றுப் பதினைந்து. இரண்டரை இரண்டரையாகத்தான் கூட்ட முடியும். நூற்றுப் பதினைந்து எனக்கு வராது. எனக்குத் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும். அவர் என் கையில் சாக்பொடியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நூத்திப் பன்னெண்டரை போதும். நீ லேசா கீற."

இரண்டு பேரும் ஒரே எடை தூக்கினால், உடம்பு எடை குறைந்தவருக்கு முதலிடம். அதைத்தான் சொன்னார். நித்யா ஐம்பத்தாறு எண்ணூற்று ஐம்பது என்று அவளே பேச்சுவாக்கில் சொல்லக் கேட்டிருந்தார். என்னுடையது எண்ணூறு என்று கிரேஸி சொல்லியிருந்தாள். டீயைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் டீ ஞாபகம் இல்லை. லேசாக இருக்கிறாய் என்றார். ஆமாம், லேசாகத்தான் இருந்தேன்.

போய் நின்றேன். குனிந்து பிடித்தேன்.

சத்தம் நின்றது.

ராடு தரையை விட்டு வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. அந்த நேரத்துக்குள் என்னென்னவோ போனது. படியில் வழிவிட்டு நின்றவர்களின் முகங்கள். தோளில் சிலிண்டரின் குளிர்ச்சி. தண்ணீருக்கு மேல் மிதந்து போன ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. யாரோ உட்கார்ந்து எழுந்து போனது போல அது சுற்றிச் சுற்றிப் போனது.

பிறகு முழங்கால் நேரானது. நான் நின்றுகொண்டிருந்தேன். ராடு என் கையில் தொங்கியது. மூன்று நடுவர்களும் சரி என்று வெள்ளை விளக்கு போட்டார்கள்.

"அம்மா நின்னுட்டா" என்று அம்மு சொன்னது கேட்டது. அதுதான் முதலில் திரும்பி வந்த சத்தம்.

நித்யா கடைசியாக நூற்றுப் பதினைந்துக்குப் போனாள். முழங்கால் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. மெல்லக் கீழே வைத்துவிட்டாள்.

இரண்டு பேரும் நூற்றுப் பன்னிரண்டரை. மாஸ்டர் கையைத் தூக்கிவிட்டார். அவர் கை தூக்கி நான் பார்த்ததில்லை. கிரேஸி என்னைக் கட்டிக்கொண்டாள்.

மைக்கில் உடம்பு எடையைப் படித்தார்கள். நித்யா, ஐம்பத்தாறு எண்ணூற்று ஐம்பது. விஜி, ஐம்பத்தாறு தொள்ளாயிரம். முதலிடம் நித்யா.

மாஸ்டரின் கை கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது.

ஆட்டோ

அறுபத்து மூன்று கிலோ கிளாஸில் அன்றைக்கு இரண்டே பேர். ஜெயித்தவள் தூக்கினது நூற்று ஐந்து. என் முதல் எடை. கிரேஸி அதை விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். இன்னும் இரண்டு மூடி டீ குடித்திருந்தால் ஐம்பத்தேழைத் தாண்டி அந்தக் கிளாஸுக்குப் போயிருப்பாயடி என்றாள். அப்புறம் அழுதாள். நான் அழவில்லை. அழுவதற்கு உடம்பில் தண்ணீர் இல்லை.

நித்யா வந்து கையைப் பிடித்தாள். தேசியப் போட்டிக்குப் போய்விட்டு வா என்றேன்.

மேடம் வெளியே வரும்போது என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்திருந்தது. ஃபிளாஸ்க்கைப் பைக்குள் தள்ளினார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்று அந்த டீ இல்லாவிட்டால் நான் மேடை ஏறியிருக்க மாட்டேன்.

ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்தேன். அம்மு மடியில் தூங்கிவிட்டாள். சேகர் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எத்தினில போச்சு?"

"அம்பது கிராம்."

"அம்பது கிராம்னா இன்னா இருக்கும்?"

யோசித்தேன். மூடியில் ஊற்றினது நூறு இருக்கும்.

"அரை டீ."

அவர் திரும்பி உட்கார்ந்தார். ரோட்டில் பஸ்கள் போயின. நான் ஜிம் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். பேச்சு பேச்சுதான். சாவியைக் கிரேஸியிடம் கேட்டு, என் துண்டையும் பெல்ட்டையும் எடுத்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவ தூக்குனதத்தான நீயும் தூக்குன?" என்றார்.

"ஆமா."

"அப்புறம் இன்னாமே தோத்த?"

வாரை விரலிலிருந்து அவிழ்த்தேன்.

"அரை டீக்கெல்லாம் நாயம் பேசிகினு இருக்க முடியாது" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

அவ்வளவுதான் சொன்னார். இரும்புலியூர் பக்கம் போகிற ரோடு பின்னால் போனது. நான் பார்க்கவில்லை. குரோம்பேட்டை வரைக்கும் சாலை ஓரக் கடைகளின் விளக்குகள் ஒன்றோடு ஒன்று கரைந்து ஓடின. தாகம் இன்னும் இருந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். பீக் அவர். சந்து முனையில் ஆட்டோ நின்றிருந்தது. உள்ளே சேகர் அம்முவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். கோணல் வகிடு. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜிம் பை வாசல் ஆணியில் தொங்கியது. நான் உள்ளே போட்டிருந்தது.

எடுத்துக்கொண்டு போனேன்.

மாஸ்டர் அன்றைக்கு ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அவரே ராடில் தட்டு மாட்டிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவர் ஒரு எண்ணைச் சொல்லும் முன் ராடுல என்றோ உடம்புல என்றோ சேர்த்துத்தான் சொல்கிறார். அந்தப் பழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

"ராடுல நூத்திப் பன்னெண்டரை" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு சின்ன வில்லைகளை எடுத்தார். லேத்தில் கடைந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, நடுவில் துளை. ஓரத்தைக்கூட மழுக்கியிருந்தார். ஒன்று இருபத்தைந்து கிராம். துளைக்குள் கயிறு கோத்து, ராடின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கட்டினார். கிரேஸி என்ன அது என்று கேட்டாள்.

"அரை டீ" என்றார்.

கூரைக்கு மேல் மழை பிடித்தது. ரயில் ஒன்று போனது. தட்டுகள் சிணுங்கின. குனிந்து பிடித்தேன். சத்தம் நின்றது. நிமிர்ந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டரை கிலோ, ஐம்பது கிராம்.